‘வெல் ப்ளேட்’ சொல்லாத வாத்தியார்!

அவர் தன் வாழ்க்கையில் ஆடிய முதல்தர கிரிக்கெட் மேட்ச்கள் மொத்தம் எத்தனை தெரியுமா?

ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு!

1963-64 சீசன். மொயின்-உத்-தௌலா கோப்பைக்கான போட்டி. ஸ்டேட் பாங்க் அணிக்காக, ஹைதராபாத் அணிக்கு எதிராக இறங்கினார். முதல்தர ஆட்டக் கணக்கில் அதுவே ஆரம்பம், அதுவே முற்றும். பாட்டா ஷூவில் மண் ஒட்டியதோடு சரி. மறுபடி பாங்க், மறுபடி மைதானம் என்று நம்மைப் போல ஓர் உத்தியோகஸ்தர்.

அந்த மனிதர் 2019 ஜனவரி 2-ம் தேதி, 86 வயதில், மும்பையில் இறந்து போனார். மறுநாள் அவர் பாடையைச் சுமந்தவர்களில் ஒருவர், சர்வதேச கிரிக்கெட்டில் 100 சதம் அடித்த சச்சின் டெண்டுல்கர். வழிநெடுகப் பொடிப் பையன்கள் வெள்ளை டிரெஸ்ஸில் நின்று, பேட்டை உயர்த்திப் பிடித்து மரியாதை செய்தார்கள். ராஜாக்களுக்கு வாளைத் தூக்குவார்களே, அதுபோல.

அவர்தான் ரமாகாந்த் அச்ரேகர். பம்பாய் சாரதாஸ்ரம் வித்யாமந்திர் பள்ளிக்கூடத்தின் கிரிக்கெட் கோச். சிவாஜி பார்க்கில் காமத் மெமோரியல் கிளப்பின் வாத்தியார்.

சச்சினைப் பற்றி எழுதி எழுதி இந்தியாவில் பேனா மை தீர்ந்துவிட்டது. எனக்கு என்னவோ அந்த வாத்தியார் மேல்தான் ஒரு கண். காரணம் இருக்கிறது. நாம் படித்த ஸ்கூல்களில் பி.டி. பீரியட் என்றால் என்ன? மழை வந்தால் மேத்ஸ். பரீட்சை வந்தால் சயன்ஸ். இன்ஸ்பெக்ஷன் வந்தால் மைதானத்தில் குப்பை பொறுக்குவது! அதையும் மீறி, கழுத்தில் விசிலும் காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாக, சம்பளத்துக்குமேல் ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்ற ஒரு டிரில் மாஸ்டர் நம் ஒவ்வொருவருக்கும் இருந்திருப்பார். எனக்கும் இருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேரைச் சொன்னால் ஊரில் நாலு தெருவுக்கு அப்பால் யாருக்கும் தெரியாது. அச்ரேகர் பேர் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஜாதி ஒரே ஜாதிதான்!

மரத்துக்குப் பின்னால் ஒரு பரீட்சை

1984. பாந்த்ராவிலிருந்து 11 வயசுப் பையன் ஒருத்தனை அவன் அண்ணன் அஜித் சிவாஜி பார்க்குக்கு அழைத்து வருகிறார். வாத்தியார் பார்க்கிறார் என்றதும் பையனுக்குக் கை கால் உதறல். பந்து ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம். ‘இன்னும் சின்னவன். அப்புறம் பார்க்கலாம்’ என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார் அச்ரேகர்.

அண்ணன்காரர் கெட்டிக்காரர். “சார், இன்னொரு சான்ஸ் கொடுங்க. நீங்க கிளம்பிப் போற மாதிரி போயி, தூரத்துலேர்ந்து பாருங்க” என்று கேட்டுக்கொண்டார். இன்னொரு வாத்தியாராயிருந்தால், ‘எனக்கே யோசனை சொல்றியா?’ என்று கிளம்பியிருப்பார். அச்ரேகர் நிஜமாகவே நகர்ந்து போய், ஒரு மரத்தின் பின்னாலிருந்து கவனித்தார். வாத்தியார் போய்விட்டார் என்ற நிம்மதியில் பையன் வெளுத்து வாங்கினான். அட்மிஷன் ஓகே!

அவர் செய்த அடுத்த வேலை முக்கியமானது. பையன் படித்த பாந்த்ரா ஸ்கூலில் கிரிக்கெட்டுக்குப் பெரிய வழியில்லை. ‘சாரதாஸ்ரமத்துக்கு மாத்துங்க’ என்றார். 315-ம் நம்பர் பஸ் பிடித்து பாந்த்ராவுக்கும் சிவாஜி பார்க்குக்குமாக அல்லாடிய பையன், அலைச்சல் தாங்காமல் பிற்பாடு மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த சித்தப்பா வீட்டுக்கே குடிபோனான்.

60 நாள் கோடை லீவு. அதில் அவன் ஆடிய பயிற்சி மேட்ச்கள் 55! நம்மில் பலர் கோடை லீவில் குளித்த நாட்களே அத்தனை தேறாது. அப்போது அவனிடம் கிரிக்கெட் டிரெஸ் ஒரே ஒரு செட்தான். காலை ஆட்டம் முடிந்து வந்து துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் அதையே மாட்டிக்கொண்டு ஓடுவான். பான்ட் பாக்கெட் மட்டும் ஈரமாகவே இருக்குமாம்.

மேட்ச் இருக்கும் இடத்துக்கு வாத்தியாரே ஸ்கூட்டரில் கூட்டிப் போவார். இங்கே அவுட் ஆனால் அடுத்த மைதானம். சிவாஜி பார்க்கில் ஒரு இன்னிங்ஸ், ஆசாத் மைதானத்தில் இன்னொன்று. பெட்ரோல் யார் காசு என்று கேட்காதீர்கள். டிரில் மாஸ்டர்களுக்கு டி.ஏ. பில் போடத் தெரியாது!

ஒரு ரூபாய் வித்தை

நெட் பிராக்டீஸ் முடிகிற நேரம். எல்லோருக்கும் பசி, களைப்பு. ‘எப்போ சார் விடுவீங்க’ என்று கண்ணாலேயே கேட்கும் சமயம். அப்போதுதான் அச்ரேகர் நடு ஸ்டம்ப்பின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். மைதானத்திலிருக்கும் அத்தனை பையன்களும் ஃபீல்டிங்கில். பவுலர்கள் மாற்றி மாற்றிப் போடுவார்கள். சச்சினை அவுட் ஆக்குகிறவனுக்கு அந்த ரூபாய். கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றால் சச்சினுக்கு.

கேட்க விளையாட்டாக இருக்கிறதா? கொஞ்சம் யோசியுங்கள். சுற்றிலும் நெருக்கமாக ஐம்பது, அறுபது ஜோடிக் கைகள். தூக்கி அடித்தால் யாராவது பிடித்துவிடுவான். ஆகவே பந்தைத் தரையோடு தரையாக அடித்தாக வேண்டும். உடம்பு ஓய்ந்த நேரத்தில் மனசு ஓயக் கூடாது. இந்த ரெண்டு பாடத்தையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எந்தப் பையன் படிப்பான்? ஒரு ரூபாயைக் காட்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டார் மனுஷர். அதற்கப்புறமும் வீட்டுக்கு விட்டாரா? பேட், கிளவுஸ் எதையும் கழற்றாமல் சிவாஜி பார்க்கை ரெண்டு சுற்று ஓடச் சொன்னார்.

அப்படி ஜெயித்த 13 நாணயங்களைச் சச்சின் இன்னமும் பொக்கிஷமாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மொத்த மதிப்பு ரூபாய் பதிமூன்று. பாங்க் லாக்கரில் வைத்தால் வாடகைக்குக்கூடக் காணாது!

பறந்தது டிபன் பாக்ஸ்

ஒருநாள் வான்கடே ஸ்டேடியத்தில் பள்ளிகளுக்கான ஹாரிஸ் ஷீல்டு ஃபைனல். சாரதாஸ்ரம் சீனியர் டீம் ஆடுகிறது. அன்றைக்குச் சச்சினுக்கு வேறிடத்தில் ஒரு பயிற்சி மேட்ச்சை ஏற்பாடு செய்திருந்தார் வாத்தியார். பையன் அதற்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸும் கையுமாகக் கைதட்டி விசிலடிக்க வான்கடேவுக்கு வந்துவிட்டான். எதிரே யார்? சாட்சாத் அச்ரேகர்.

“இன்னிக்கு எப்படி ஆடினே?”

“போகலை சார்... நம்ம டீமுக்குக் கைதட்ட வந்தேன்...”

விட்டார் ஒரு அறை. டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், உள்ளே இருந்தது இன்னொரு பக்கம். ‘நீ மத்தவங்களுக்குக் கைதட்ட வேண்டாம். மத்தவங்க வந்து உனக்குக் கைதட்டற மாதிரி ஆடு’ என்பதுதான் அந்த அறையோடு வந்த பாடம். சச்சின் பல தடவை இதைச் சொல்லியிருக்கிறார்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி இன்றைக்கு வாத்தியார் கை நீட்டக் கூடாது. நல்ல சட்டம்தான். அடி வாங்கினவனெல்லாம் சச்சின் ஆகிவிடவில்லை. அடியால்தான் சச்சின் ஆனார் என்றும் இல்லை. என்னை உலுக்குவது அந்த அறை இல்லை. நூற்றுக்கணக்கான பையன்களை வைத்துக்கொண்டிருந்தவருக்கு, இந்த ஒரு பையன் இன்றைக்கு எந்த மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது ஞாபகம் இருந்ததே, அதுதான். நம்முடைய அட்டெண்டன்ஸை அந்த அளவுக்கு அக்கறையாக எடுத்த ஆள் அப்புறம் ஆபீஸில் யாராவது உண்டா, சொல்லுங்கள்?

இத்தனைக்கும், ‘நல்லா ஆடினே’ என்று ஒரு வார்த்தை? மூச்! எத்தனை சதம் அடித்தாலும் ‘வெல் ப்ளேட்’ கிடையாது. பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடுமாம். என்றைக்காவது ஆட்டம் முடிந்ததும் வடா பாவ் சாப்பிடக் காசு கொடுப்பார். அன்றைக்கு ஏதோ நன்றாகச் செய்திருக்கிறோம் என்று பையன்களே புரிந்துகொள்ள வேண்டியது.

2013 நவம்பர் 16. வான்கடேயில் சச்சினின் கடைசி நாள். ஊரே அழுதுகொண்டிருக்க, மைக் பிடித்தவர் தன் வாத்தியாருக்கு ஒரு விண்ணப்பம் வைத்தார். ‘29 வருஷமாக சார் ஒருதரம்கூட வெல் ப்ளேட் சொன்னதில்லை. இனிமேல் எனக்கு மேட்ச் கிடையாது. இப்போதாவது சொல்லிப் பார்க்கலாம்’ என்கிற பொருள்படச் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்புறம் கர்ச்சீப்பைத் தேடினார்கள்.

மூன்று பையன்கள், ஒரு ஸ்கோர் போர்டு

இதுவரை சொன்னது ஜெயித்தவன் கதை. ஆனால், ஒரு வாத்தியாரை அவருடைய முதல் ராங்க் மாணவனை வைத்து மட்டும் எடை போட்டால் நியாயமா? அதனால் 1988 பிப்ரவரிக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

ஆசாத் மைதானம். ஹாரிஸ் ஷீல்டு அரையிறுதி. எதிரணி செயின்ட் சேவியர்ஸ் ஸ்கூல். சாரதாஸ்ரம் 2 விக்கெட்டுக்கு 84. அப்போது ஜோடி சேர்ந்தார்கள் 14 வயது சச்சினும் 16 வயது வினோத் காம்ப்ளியும். சேர்ந்தவர்கள் பிரியவே இல்லை. முதல் நாள் போச்சு. மறுநாளும் அடி. ‘டிக்ளேர் பண்ணுங்கடா’ என்று உதவிக் கோச் எல்லைக் கோட்டிலிருந்து கத்துகிறார். ரெண்டு வாலும் அந்தப் பக்கம் திரும்பினால்தானே! மதிய இடைவேளையில் அச்ரேகரிடமிருந்து போனில் உத்தரவு வந்தது: உடனே டிக்ளேர் செய்.

காம்ப்ளி 349 நாட் அவுட். ‘சார், ஒரே ஒரு ரன்...’ என்று கெஞ்சினான். ஊஹூம். சச்சின் 326 நாட் அவுட். ஜோடி சேர்த்தது 664. ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 748. அன்றைய உலக சாதனை. அதோடு விடவில்லை, காம்ப்ளியே பந்தும் போட்டு 6 விக்கெட் எடுக்க, எதிரணி 145-க்குக் காலி.

இந்தப் படத்தில் மூன்றாவதாக ஒரு பையன் உண்டு. அடுத்து இறங்க வேண்டிய பேட்ஸ்மேன். வயது 13. காலில் பேட் கட்டிக்கொண்டு காத்திருந்தான்... காத்திருந்தான்... ரெண்டு நாளும் காத்தே இருந்தான். பேர் அமோல் முஜும்தார்.

மூவருக்கும் ஒரே வாத்தியார். ஒரே மைதானம். ஒரே ரெண்டு சுற்று ஓட்டம். அப்புறம்?

சச்சின் கதை ஊருக்கே தெரியும்.

காம்ப்ளி 1993-ல் அடுத்தடுத்த டெஸ்ட்களில் இங்கிலாந்துக்கு எதிராக 224, ஜிம்பாப்வேக்கு எதிராக 227 அடித்தார். ‘இவன் சச்சினையே தாண்டிடுவாண்டா’ என்று டீக்கடைகளில் பந்தயம் கட்டிய காலம் அது. ஆனால், 17 டெஸ்ட்டோடு, 1995-ல், 23 வயதில் அவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்துபோனது. சராசரி 54.20! அந்தச் சராசரியோடு வெளியே உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

முஜும்தார் 1993-94 சீசனில் பம்பாய்க்கு ஆட வந்த முதல் ரஞ்சி மேட்ச்சிலேயே, ஹரியானாவுக்கு எதிராக 260. முதல்தர அறிமுக ஆட்டத்தில் அன்றைய உலக சாதனை. அப்புறம் இருபது வருஷம் ரன், ரன், ரன். மொத்தம் 11,167. சதம் 30. இந்திய அணியில்? ஒரே ஒரு மேட்ச்கூட இல்லை. சச்சின், திராவிட், கங்குலி, லக்ஷ்மண் என்று நடுவரிசையில் ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. 13 வயதில் கட்டிய பேடை அவர் கழற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாத்தியார் தவறிவிட்டாரா? என் சிற்றறிவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டம்ப்பில் காசு வைப்பது வரைதான் அவர் வேலை. அதற்கப்புறம் வரும் பந்துகளை அவரவர்தான் ஆடியாக வேண்டும். செலக்ஷன் கமிட்டியும், உடம்பும், நேரமும் போடுகிற பந்துகளுக்கு நெட் பிராக்டீஸ் கிடையாது.

நானே ஆபீஸ் வேலையாக மும்பை போனபோது ஒரு சாயங்காலம் சிவாஜி பார்க்கின் குட்டைச்சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் நெட். தன்னைவிடப் பெரிய கிட் பையை இழுத்துக்கொண்டு வரும் வாண்டுகள். சுவரோரம் தண்ணீர் பாட்டிலும் கவலையுமாக அப்பா, அம்மாக்கள். அத்தனை பேரும் தன் பிள்ளைதான் அடுத்த சச்சின் என்று நம்பித்தானே வந்திருப்பார்கள்? நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் என்னைப் போல ஆபீஸுக்குத்தான் போகப் போகிறார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் அன்றைக்கு ஒரு கோச் சலிக்காமல் பந்து போட்டுக்கொண்டிருந்தார்.

ரன்னுக்குப் பின்னால் ஒரு பட்டியல்

அச்ரேகர் பட்டறையில் உருவானவர்கள் பட்டியல் நீளமானது. 1983 உலகக் கோப்பை ஃபைனலில் கிரீனிட்ஜ் பேட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஸ்டம்ப்பைச் சாய்த்தாரே பல்விந்தர் சிங் சந்து, அவர். டெஸ்ட் அறிமுகத்திலேயே 1992-ல் டர்பனில் சதமடித்த பிரவீண் ஆம்ரே. 2002-ல் லார்ட்ஸில் சதமடித்து நம்மையெல்லாம் கண்ணைக் கசக்க வைத்த பவுலர் அஜித் அகர்கர். லால்சந்த் ராஜ்புத், சந்திரகாந்த் பண்டிட், ரமேஷ் பவார்...

இதில் ஒரு விசேஷம் கவனித்தேன். இவர்களில் எத்தனை பேர் பிற்பாடு விசிலைக் கையில் எடுத்திருக்கிறார்கள் பாருங்கள். 2007-ல் டோனியின் பையன்கள் டி-20 உலகக் கோப்பை ஜெயித்தபோது கூட மேனேஜராக இருந்தவர் ராஜ்புத். ஆம்ரே மும்பையின் கோச் ஆனார். ரமேஷ் பவார் இந்தியப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். பண்டிட் கதை சினிமாவே எடுக்கலாம். 1998-99 ரஞ்சி ஃபைனலில் மத்தியப் பிரதேச கேப்டனாக பெங்களூரில் தோற்றார். 23 வருஷம் கழித்து, 2022-ல், அதே மைதானத்தில் அதே அணிக்குக் கோச்சாக நின்று, முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். தோற்ற அணி? மும்பை!

அந்த மூன்றாவது பையன்? 2023 அக்டோபரில் முஜும்தார் இந்தியப் பெண்கள் அணியின் தலைமைக் கோச் ஆனார். ‘இந்தியாவுக்கே ஆடாதவர் என்ன சொல்லிக் கொடுப்பார்?’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2025 உலகக் கோப்பையில் அடுத்தடுத்து மூன்று மேட்ச் தோற்றபோது முணுமுணுப்பு கூடிற்று. ஆனால், நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று, நம் பெண்கள் முதல் தடவையாக உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் கேப்டன் ஹர்மன்பிரீத் கௌர் நேரே போய் முஜும்தாரின் காலைத் தொட்டார்.

டி.வி-யில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்த ஒரே ஒரு மேட்ச் ஆடிய பாங்க் உத்தியோகஸ்தர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பெரிதாக ஆடாதவர் பெரிய ஆட்டக்காரர்களை உண்டாக்க முடியும் என்பதற்கு முஜும்தார் வேறெங்கும் போய்ப் பாடம் படித்திருக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலேயே எதிரே நின்று பார்த்துவிட்டார்!

அச்ரேகருக்கு 1990-ல் துரோணாச்சாரியார் விருது, 2010-ல் பத்மஸ்ரீ. கடைசி வருஷங்களில் பக்கவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 2024 டிசம்பர் 3, அவருடைய பிறந்த நாளன்று, சிவாஜி பார்க்கின் ஐந்தாவது கேட் அருகே நினைவுச் சின்னம் திறந்தார்கள். சச்சின் வந்தார். உடம்பு தளர்ந்து போயிருந்த காம்ப்ளியும் வந்தார். சச்சினின் கையைப் பிடித்தவர் லேசில் விடவில்லை. வாத்தியாருக்குப் பிடித்த பழைய ஹிந்திப் பாட்டு ஒன்றைத் தழுதழுத்த குரலில் பாடினார். 664 ரன் சேர்த்த நாளிலும் உதவிக் கோச்சின் கண்ணில் படாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே ஆடினவர்களாம் அந்த ரெண்டு பேரும்!

உங்களுக்கு விசில் ஊதிய மாஸ்டர் இருக்கிறாரா, சார்? இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘இப்போ எங்கே வேலை?’ என்பார். சொல்லுங்கள். ‘தொப்பை போட்டுடுச்சே’ என்பார். கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பாராட்டவில்லையே என்று மட்டும் பார்க்காதீர்கள். அவர்கள் அகராதியில் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால், நம் அகராதியில் இருக்கிறதே! 2019-ல் அச்ரேகர் கண்ணை மூடிய அன்று சச்சின் ஓர் அஞ்சலி எழுதினார். நேராக ஆடவும் நேராக வாழவும் கற்றுத் தந்தீர்கள் என்று நன்றி சொன்னார். 29 வருஷம் தான் கேட்டு ஏங்கிய அந்த இரண்டு வார்த்தைகளை, கடைசியில் தானே எடுத்து வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்.

‘வெல் ப்ளேட், சார்!’